எக்ஸ்ரே அண்ணி எடுத்த குடும்பப் படம்

எங்கள் அண்ணி பத்தொன்பது வருஷமாக எடுத்த படங்களில் ஒன்றைக்கூட யாரும் சுவரில் மாட்டவில்லை. மாட்டவும் முடியாது. அண்ணி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர்.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. நான் டெய்லர். லாண்டரிக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் என் கடை. பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, போன வருஷம் சரியாக இருந்த சட்டை இந்த வருஷம் ஏன் பிடிக்கிறது என்று மனம் நோகாமல் விளக்குவது, இவைதான் என் பிழைப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் குறை சொல்லக்கூடாது.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் கடைசி அறை அண்ணியுடையது. பச்சைக் கதவு, ஜன்னல் கிடையாது. ஆளை மெஷின் முன்னால் நிறுத்தி, இரண்டு கையையும் இடுப்பில் வைக்கச் சொல்லி, தோளை முன்னால் தள்ளி, தாடையைத் தூக்கி விட்டுவிட்டு, அண்ணி விறுவிறுவென்று தடுப்புச் சுவருக்குப் பின்னால் போய்விடுவார். அதற்குப் பிறகு குரல் மட்டும்தான் வரும். "மூச்சை இழுங்க. அப்படியே நிறுத்துங்க. அசையாதீங்க." ஒரு டிக். "விடலாம்." ஒரு நாளைக்கு அறுபது, எழுபது பேருக்கு இதே நாலு வார்த்தை.

எடுத்து முடித்ததும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. "என்னம்மா தெரியுது?"

அண்ணிக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். பழகின கண். ஆனால் சொல்லக்கூடாது என்பது விதி. "டாக்டர் சொல்லுவாங்க" என்பதற்கு மேல் மூச்சு விட்டால் வேலைக்கே உலை. முகத்திலும் காட்டக்கூடாது. நல்ல சேதி என்று ஒருவரிடம் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் சிரிக்காமல் இருந்தால், அவர் அங்கேயே கால் மடங்கி உட்கார்ந்துவிடுவார். அதனால் நல்ல சேதிக்கும் கெட்ட சேதிக்கும் பொதுவாக ஒரு முகம் தயார் பண்ணி வைத்திருந்தார். எங்கள் வீட்டில் அதற்கு 'ரிப்போர்ட் முகம்' என்று பெயர்.

"நான் எடுக்கிற படத்துல ஒண்ணும் இல்லைன்னு சொன்னாத்தான் ஜனங்களுக்கு சந்தோஷம்," என்று ஒரு நாள் சொன்னார். "ஏதாவது இருக்கிற படமா எடுக்கணும்னு ஆசையா இருக்கும்மா." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்த ஆசைக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமையானால் கழுத்தில் ஒரு கேமரா தொங்கும். கைபட்டுக் கைபட்டு ஓரமெல்லாம் தேய்ந்த பழைய கேமரா. வீட்டில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் மூலையில் நின்று எடுத்துக்கொண்டே இருப்பார். நாங்கள் கண்டுகொள்ளவே மாட்டோம். அப்படித்தான் ஒரு படம் எடுத்தார். அதில் நான் பையனின் சட்டையில் பொத்தான் தைத்துக்கொண்டே அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். என் முதுகுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் வாயைக் கோணி என்னைப் போலவே செய்து காட்டுகிறார். பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். படத்தைப் பார்க்கும் வரை இந்த நாடகம் எனக்குத் தெரியவே தெரியாது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அதை ஃப்ரேம் போட்டுக் கடையில் மாட்டினேன், ஏனென்றால் அது நாங்கள்தான். அச்சு அசல் நாங்கள்.

கடைக்கு வந்தவர்கள் பேண்ட்டை மறந்துவிட்டுப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். யார் எடுத்தது, எங்களையும் எடுப்பாரா என்று நச்சரிப்பு. நான் சும்மா இருப்பேனா? அண்ணியைப் பிடித்துக் குடைந்தேன். என் கடையின் முன்பாதியைத் தருகிறேன் என்றேன். உடை மாற்றும் இடத்துக்காகப் போட்ட பிளைவுட் தடுப்பு ஒன்று நடுவில் இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஸ்டூடியோ, அந்தப் பக்கம் என் மெஷின் என்று முடிவாயிற்று. என் வீட்டுக்காரர் ஒரு சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்துக் கொடுத்தார். அண்ணி ஆறு மாதம் சம்பளமில்லா லீவு போட்டார்.

போடும்போதே ஒரு நிபந்தனையும் போட்டார். "ஆறு மாசத்துக்குள்ள நான் எடுத்த படம் யாராவது ஒருத்தர் சுவர்லயாவது தொங்கணும். இல்லேன்னா பேசாம பச்சைக் கதவுக்கே போயிடுவேன். ரிடையர் ஆகுற வரைக்கும் அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது."

"இதோ என் கடையிலேயே தொங்குதே, அண்ணி?"

"சொந்தக்காரங்க சுவர் சேராது."

பேச்சோடு விடாமல், வேலைக்குத் திரும்பி வருகிறேன் என்று ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதமும் எழுதி, தேதி மட்டும் போடாமல் கைப்பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்தக் கடிதத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

முதலில் வந்தது மருந்துக்கடைக்காரர் குடும்பம். அவர், அவர் மனைவி, இரட்டைப் பெண்கள், மச்சான். சிரித்துப் பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள். அண்ணி அவர்களைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். ஒவ்வொருவர் தோளையும் பிடித்து நேராக்கினார். தாடையைத் தூக்கிவிட்டார். "நகை, பெல்ட், சாவிக்கொத்து எல்லாம் கழட்டிடுங்க" என்றார். பாவம், அவர்களும் கழற்றினார்கள். பிறகு கேமராவை ஸ்டாண்டில் அப்படியே விட்டுவிட்டு, ரிமோட்டை எடுத்துக்கொண்டு, பிளைவுட் தடுப்புக்குப் பின்னால், என் பக்கம் வந்து நின்றுகொண்டார்.

எனக்கு ஊசியில் நூல் கோக்க ஓடவில்லை. "அண்ணி, இங்க என்ன பண்றீங்க?" என்று கிசுகிசுத்தேன்.

"படம் எடுக்கிறேன்," என்றார். குரலை உயர்த்தினார். "மூச்சை இழுங்க. அப்படியே நிறுத்துங்க. அசையாதீங்க."

நான் எட்டிப் பார்த்தேன். ஆளில்லாத அறையில் ஐந்து பேர் ஒரு கேமராவைப் பார்த்துத் திருதிருவென்று விழித்துக்கொண்டு, நெஞ்சு புடைக்க, இடித்துவைத்த புளி மாதிரி நின்றார்கள். டிக். "விடலாம்."

அண்ணி வெளியே போய் கேமராவைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் ஆசையாக, "எப்படி வந்திருக்கு?" என்று கேட்டார். அண்ணி ரிப்போர்ட் முகத்தோடு, "புதன்கிழமை தெரியும்" என்றார். அந்தக் குடும்பம் செவ்வாய்க்கிழமை வரை தூங்கியிருக்காது.

அவர்கள் போனதும் நான் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். அண்ணிக்கே அப்போதுதான் உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். "வேணும்னு பண்ணலம்மா. யாராவது ஒருத்தர் கதவைத் திறந்து உள்ள வந்து, எங்க நிக்கணும்னு கேட்டா போதும், கை தானா ஆஸ்பத்திரிக்குப் போயிடுது."

அதுதான் சிக்கல். யாரும் கேட்காமல் எடுத்தால் அண்ணி சூரப்புலி. எடுங்கள் என்று கேட்டு வந்துவிட்டால் போச்சு. அடுத்து வந்த குடும்பமும், அதற்கடுத்த குடும்பமும் சொல்லிவைத்தாற்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு படத்தில் நின்றன. எல்லாருமே ஏதோ தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள் போல் இருந்தார்கள்.

நான் என் தொழில் ரகசியத்தைச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். டேப்பைச் சுற்றினதும் எல்லாருமே வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அந்த அளவில் தைத்தால் வீட்டுக்குப் போய் உட்கார்ந்ததும் பொத்தான் தெறிக்கும். அதனால் நான் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி எதையாவது கேட்பேன். வம்பு சொல்ல வாயைத் திறந்ததும் வயிறு தானாக வெளியே வந்துவிடும். அப்போது படக்கென்று அளவைப் பார்த்துக்கொள்வேன்.

"புரியுதும்மா," என்றார் அண்ணி. "ஆனா 'இழுங்க'ன்னு சொல்லாம விரல் அமுக்க மாட்டேங்குதே."

என் வீட்டுக்காரர் தன் பங்குக்கு அக்காவுக்கு மூன்று ஜோக்குகள் சொல்லிக் கொடுத்தார். அண்ணி அவற்றைக் கண்ணும் கருத்துமாக மனப்பாடம் செய்தார். அடுத்த ஞாயிறு, தடுப்புக்குப் பின்னாலிருந்து, அதே குரலில், "ஒருத்தன் யானை மேல ஏறி வந்தானாம், அசையாதீங்க" என்றார். சிரித்தது நான் ஒருத்திதான். அதுவும் துணியை வாயில் அடைத்துக்கொண்டு.

தைத்த துணியை வீட்டில் கொடுத்துவிட்டு வருகிற சாக்கில் நான் சுவர்களை நோட்டம் விட்டேன். மருந்துக்கடைக்காரர் வீட்டில் படம் அலமாரிக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. "நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர் மனைவி, "ஆனா பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்டுது." இன்னொரு வீட்டில் பூந்தொட்டிக்கு அடியில் கிடந்தது. அண்ணி கேட்டபோது பொய் சொல்லத்தான் நினைத்தேன். நீளமான வாய்க்குப் பொய் மட்டும் சரியாக வராது. அண்ணி லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

ஐந்தே முக்கால் மாதம் ஓடிப்போயிற்று. லீவு முடிய ஒரு வாரம்தான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்கு ஆறு நாள் முன்னால், சனிக்கிழமை காலை நான் கடையைத் திறந்தபோது, அண்ணி என் வெட்டுமேஜை மேல் அந்தக் கடிதத்தை வைத்துத் தேதி போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு ஒரு குடும்பம் வராங்க இல்ல?" என்றேன். கோபத்தில் குரல் கீச்சென்று வந்தது.

"வரட்டும். எடுத்துக் கொடுத்துட்டு முடிச்சுக்கலாம்."

வந்தவர் பூட்டு ரிப்பேர் கடைக்காரர். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சந்தில் கடை வைத்திருப்பவர். கூட அவர் மனைவி, இரண்டு மகள்கள், மருமகன், கைக்குழந்தை. ஆக ஆறு பேர். மனைவி பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வராத குறை.

"ரெண்டு வருஷமா இழுத்துக்கிட்டு வரேன், இப்பத்தான் சம்மதிச்சாரு," என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். "உடம்பு சரியில்லாம படுத்திருந்தப்பதான் கவனிச்சோம், எல்லாரும் சேர்ந்து ஒரு படம்கூட வீட்ல இல்ல. நல்லானதும் எடுக்கணும்னு நினைச்சேன். நல்லாயிட்டாரு. ஆனா படம்னு சொன்னாலே எழுந்து வெளிய போயிடுறாரு."

"எனக்குப் படம்னா ஆகாதும்மா," என்றார் பூட்டுக்காரர். "எடுத்தா ஏதாவது தெரிஞ்சிடும்."

அண்ணி வழக்கம்போல் தோள்களை நேராக்கினார். வழக்கம்போல் ரிமோட்டோடு என் பக்கம் வந்துவிட்டார். கடைசிப் படம்தானே என்று நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"மூச்சை இழுங்க," என்றார் அண்ணி. "அப்படியே நிறுத்துங்க."

அந்தப் பக்கம் சட்டென்று ஒரு மாதிரி அமைதி. நான் எட்டிப் பார்த்தேன். பூட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு கையும் இடுப்புக்குப் போயிருந்தன. தோள் தானாக முன்னால் வந்து, தாடை தானாகத் தூக்கிக்கொண்டிருந்தது. யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. மூத்த மகள் "அப்பா, என்னப்பா?" என்று கையைப் பிடித்தாள்.

"இந்தக் குரல்," என்றார் அவர், பிடித்த மூச்சை விடாமலே. "பச்சைக் கதவு. கடைசி ரூம். மூணு தடவை வந்தேன்."

அண்ணி தடுப்பின் விளிம்பு வழியாகப் பார்த்தார். அந்த நிற்பு அவருக்குத் தெரியாதா? ஆயிரம் ஆயிரம் பேரை அப்படி நிறுத்தியவர் ஆயிற்றே. கையிலிருந்த ரிமோட்டை என் நூல்கண்டுப் பெட்டிக்குள் போட்டார். போட்டுவிட்டு வெளியே போனார். ஐந்தே முக்கால் மாதத்தில் முதல் தடவையாக, ஆட்கள் நிற்கும்போதே கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"கடைசியா எடுத்தப்ப ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொன்னாருங்க," என்றார் பூட்டுக்காரர். "ஆனா நீங்க 'விடலாம்'னு சொன்னது எனக்குக் கேட்கவே இல்ல. அன்னிக்குப் பிடிச்ச மூச்சை இன்னும் நான் முழுசா விட்ட மாதிரியே இல்லம்மா." கொஞ்சம் தயங்கி, "என்னை ஞாபகம் இருக்கா?" என்றார்.

"முகம் ஞாபகம் இல்லங்க," என்றார் அண்ணி. அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "இருட்டு ரூம். ஒரு நாளைக்கு எழுபது பேர்." பிறகு அவரை உற்றுப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார். "மூணு தடவைன்னு சொன்னீங்களே. இடது பக்கம், நாலாவது விலா எலும்பு. உடைஞ்சு கோணலா சேர்ந்து, முடிச்சு மாதிரி இருக்கும். அது நீங்கதானே?"

பூட்டுக்காரர் கை தானாக விலாவுக்குப் போயிற்று. "ஆமா! அது அந்தப் படத்துல தெரியுமா?"

"மூணு படத்துலயும் இருந்துச்சு. சின்ன வயசு முறிவு. என்னாச்சுன்னு கேட்கணும்னு ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். எங்களுக்குக் கேட்கவும் உரிமை இல்ல, சொல்லவும் உரிமை இல்ல."

"அதுவா," என்றார் அவர். "பத்து வயசுல கழுதை மேல ஏறினேன். தள்ளிவிட்டுடுச்சு."

"கழுதையா!" என்று அலறியது அவர் மனைவி. "திருடனைத் துரத்திப் பிடிச்சப்ப அடிபட்டதுன்னு சொன்னீங்க! இருபத்தாறு வருஷமா அந்தத் திருடன் கதையைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்!"

"எனக்கும் சொன்னாரே," என்றார் மருமகன். "கத்தி வேற வச்சிருந்தான்னு சொன்னாரு."

இளைய மகள் முதலில் வெடித்தாள். பிறகு எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது. அந்த அம்மா கணவரின் தோளில் ஓர் அடி வைத்து, அடித்த கையாலேயே அவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரியவர்கள் குலுங்கியதில் குழந்தையும் ஹோ என்று கத்தியது. பூட்டுக்காரர் அசடு வழிந்தார். வழிந்துகொண்டே, ஹா என்று ஒரு பெருமூச்சு விட்டார். தோள் இரண்டும் ஓர் அங்குலம் இறங்கின. டெய்லர் சொல்கிறேன், ஓர் அங்குலம் இறங்கின.

அதே நொடியில் டிக் என்று கேட்டது. அண்ணி 'இழுங்க' என்று சொல்லவில்லை. விரல் தானாக அமுக்கியிருக்கிறது.

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. பூட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய பயம் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்த குரலில் கேட்டார். "என்னம்மா தெரியுது?"

அண்ணி வாயைத் திறந்தார். ரிப்போர்ட் முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. "புதன்கிழமை தெரியும்," என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர்கள் போனதும், "கேமராவைத் திருப்பிக் காட்டியிருந்தா என்ன?" என்று கத்தினேன். "நான் இன்னும் பார்க்கலம்மா," என்றார் அண்ணி. "பார்த்து, நல்லா இல்லைன்னா என் முகத்துல தெரிஞ்சிடும். அவர் முன்னாடி அது வேண்டாம்னு தோணுச்சு."

புதன்கிழமை பூட்டுக்காரரின் மகள் வந்து படத்தை வாங்கிக்கொண்டு போனாள். வியாழக்கிழமை முழுக்க அண்ணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "பீரோ சாவிக்கு இன்னொண்ணு வெட்டணும்" என்றார். பீரோவுக்கு ஏற்கெனவே மூன்று சாவி இருந்தது. நான் கடையைச் சாத்திவிட்டு வால் மாதிரி பின்னாலேயே போனேன்.

பூட்டுக்கடை ஓர் ஆள் படுக்கிற அகலம்தான். சுவர் தெரியாமல் சாவி. நான் நாலு பக்கமும் பார்த்தேன். படம் இல்லை. அண்ணியும் பார்த்துவிட்டார். பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போலாம்மா, நாளைக்குக் கடிதம் கொடுக்கணும்" என்றார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து பூட்டுக்காரர் வந்தார். வாயில் ஆணி, ஒரு கையில் சுத்தியல், கக்கத்தில் படம். "நல்ல நேரத்துல வந்தீங்க," என்றார் ஆணியை எடுத்துவிட்டு. "வீட்ல மாட்டணும்னு அவங்க ஒரே சண்டை. நாள் முழுக்க நான் உட்கார்றது இங்கதானேன்னு தூக்கிட்டு வந்துட்டேன்." நடுச்சுவரில் இருந்த சாவிப் பலகையைக் கழற்றிக் கீழே வைத்தார். முக்காலி மேல் ஏறினார்.

"கொஞ்சம் மேல," என்றார் அண்ணி. "அங்கதான். அசையாதீங்க."

பூட்டுக்காரர் சிரித்துக்கொண்டே ஆணியை அடித்து, படத்தை மாட்டினார். சுவர் கோணல், படம் ஒரு பக்கம் சாய்ந்தது. "மூலையில சொருக ஒரு பேப்பர் இருந்தா தேவலை," என்றார்.

நான் சுற்றுமுற்றும் தேடுவதற்குள் அண்ணி பையைத் திறந்தார். தேதி போட்ட அந்தக் கடிதத்தை எடுத்து இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், அழுத்தித் தேய்த்து மேலே நீட்டினார். அவர் அதை வாங்கி ஃப்ரேமுக்குப் பின்னால் சொருகினார். படம் நேராக நின்றது. நான் மூக்கை உறிஞ்சினேன். சந்தில் தூசி.

முக்காலி மேலிருந்து, சுவரைப் பார்த்தபடியே அவர் கேட்டார். "என்னம்மா தெரியுது?"

அண்ணி இரண்டடி பின்னால் போய் நின்று, படத்தை நிதானமாகப் பார்த்தார்.

"எல்லாரும் இருக்கீங்க," என்றார்.